வீட்டுத்திட்டப் பட்டியலில் அம்மாவின் பெயர்

2010இல், போருக்குப் பிறகு எங்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் இருந்து கிளிநொச்சிப் பக்கம் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் மிஞ்சிக் கிடந்தது கிணறும் தலையில்லாத ஒரு தென்னையும்தான். தறப்பாளும் தகரமுமாக ஒரு கொட்டில் போட்டு அம்மாவும் நானும் இருந்தோம். இரண்டு வருசம் கழித்து, இந்திய வீட்டுத்திட்டம் வருகுது என்று ஊரெல்லாம் அதே கதை. வடக்கு கிழக்குக்கு 46,000 வீடு. ஒரு வீடு 550 சதுர அடி, ஐந்தரை இலட்சம் ரூபாய். கட்டுவது நாங்களே; வேலை நகர நகரக் காசு கட்டங்கட்டமாக வங்கிக்கு வரும்.

பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கதிரைகளில் ஆம்பிளையள், பின்னால் பாயில் நாங்கள். புள்ளி போட்டுத்தான் தெரிவு என்று விளங்கப்படுத்தினார்கள்: பெண் தலைமைத்துவக் குடும்பமா, மாற்றுத்திறனாளி இருக்கினமா, வயோதிபர், சின்னப் பிள்ளைகள், மொத்தம் எத்தனை பேர். “கேள்வி இருந்தா கேளுங்கோ” என்றபோது எழுந்த கேள்வி எல்லாம் ‘காசு எப்ப வரும்?’ மட்டுந்தான். நானும் வாய் திறக்கவில்லை. எங்கட படிவத்தில என்ன எழுதியிருக்கு, காட்டுங்கோ என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

படிவம் நிரப்ப வீட்டுக்கு வந்தவ ஒரு இளம் பிள்ளை. “வீட்டில எத்தனை பேர் அம்மா?”

“மூண்டு பேர்.”

“ஆர் ஆர்?”

“நான், இவள், பெடியன்.”

அண்ணாவை 2009 மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் காணவில்லை. “இல்லாத ஆளை எழுத ஏலாதம்மா. மரணச் சான்றிதழ் எடுத்தீங்களெண்டா வேற விதமாப் பாக்கலாம்” என்றா அந்தப் பிள்ளை. அவவிலும் பிழை சொல்ல மாட்டேன். இறந்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்கிற சான்றிதழ் 2016இல்தான் சட்டத்துக்குள் வந்தது. அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி, காலை இழுத்து இழுத்துப் போய் அடுப்படியில் குந்திவிட்டா. வந்தவ தலை குனிந்து அடுத்த கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தா. மிச்சக் கேள்விகளுக்கு நான்தான் ‘ஓம்’, ‘இல்லை’ சொன்னேன்.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அம்மாவின் பெயர் இல்லை. அடியில் சின்ன எழுத்தில், ஆட்சேபனை இருந்தால் 14 நாளுக்குள் எழுத்தில் தரவும் என்று ஒரு வரி. பெயரைத் தேடி வந்த சனம் அந்த வரிக்கு வரமுதலே திரும்பிப் போனது.

இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஷெல், பங்கர், முள்ளிவாய்க்கால், பட்டியலில் பெயர் வந்தவர் ஒருவருக்கு உழவு இயந்திரம் இருப்பது, எல்லாம் அதில் இருந்தது. ஊரில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் வாசித்துப்போட்டு, “அடுத்தவன்ர மெசினை விடு பிள்ளை. உன்ர படிவத்தில என்ன பிழை எண்டு தெரியுமோ?” என்று கேட்டார். தெரியாது. அடுத்த நாள் கந்தோருக்குப் போய்ப் படிவத்தைப் பார்க்க வேணும் என்று நின்றேன். அலுவலர் கோப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘மாற்றுத்திறனாளி’ என்ற கட்டத்துக்கு நேரே ‘இல்லை’. அம்மாவின் தொடையில் இன்றைக்கும் ஷெல் துண்டு இருக்கிறது. அந்த ‘இல்லை’யைச் சொன்னவள் நான்தான். சக்கர நாற்காலியில் இருப்பவரைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

காணி அனுமதிப்பத்திரம் அப்பாவின் பெயரில். அப்பா முந்தியே செத்துப்போனார், பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துபோனது. காணிப் பகுதியில் பேரேட்டைப் புரட்டி, அவர் பெயரையும் பின்னுரித்துக்கு, அதாவது அவருக்குப் பிறகு காணி ஆருக்கு என்ற இடத்தில், அம்மாவின் பெயரையும் கண்டுபிடிக்க மூன்று நாள் அலைச்சல். ஆஸ்பத்திரியில் வைத்தியச் சான்றிதழுக்கு இன்னும் இரண்டு நாள்.

புதுக் கடிதம் அரைப்பக்கம். இந்தக் கட்டத்தில் இப்படி இருக்கிறது, சரியானது இது, ஆதாரம் இணைப்பில். அவ்வளவுதான். “வைச்சிட்டுப் போங்கோ” என்றார்கள். என் கைப்பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும்வரை அந்த மேசையை விட்டு அசையவில்லை. பிறகு கடிதம் வரவே இல்லை என்று ஒருமுறை சொன்னபோது அந்த முத்திரைதான் கைகொடுத்தது.

இரண்டு பேர் வீட்டுக்கு வந்து எக்ஸ்ரே படத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டாம் பட்டியலில் கடைசிக்கு முதல் பெயர் அம்மாவினது.

வீட்டுப் படங்களைக் காட்டிய கூட்டத்தில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. விறகடுப்புக்கு இந்தக் குசினி காணாது, புகை எங்கால போறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அம்மா அறைகளை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, “ரண்டு இருக்குத்தானே” என்றா.

கட்டின கதை சுருக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் அத்திவாரம் வெட்டியதில் மணலும் ஏறியது, மேசன் கூலியும் ஏறியது. ஐந்தரை இலட்சம் கூரையோடு முடிந்தது. பூச்சு வேலைக்கு என் சங்கிலியையும் அம்மாவின் தோட்டையும் அடைவு வைத்தோம். சங்கிலியை 2015இல் மீட்டேன். தோடு ஏலத்தில் போய்விட்டது.