அயோடினுக்கு ஏங்க வைத்த நான்கு வாரங்கள்

தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதுமாக எடுத்தாயிற்று. "மிச்சம் மீதி செல்கள் இருந்தால் அழிக்க ரேடியோ அயோடின் தரலாம்" என்றார் மருத்துவர். ஒரே ஒரு காப்ஸ்யூல். வயிற்றுக்குள் போவது கழுத்தில் இருக்கிற செல்லை எப்படித் தேடிப் பிடிக்கும் என்று கேட்டேன்.

அது தேடுவதில்லை, செல்தான் அதை இழுக்கிறது என்றார். தைராய்டு செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியத்தோடு சேர்த்து அயோடைடையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சாதாரண அயோடின் எது, கதிர்வீசும் அயோடின்-131 எது என்று அதற்குத் தெரியாது. உள்ளே போனதும் வெளிப்படும் பீட்டா கதிர் திசுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் பாயும். அதனால் அடி பெரும்பாலும் அந்தச் செல்லுக்கும் அதன் பக்கத்துக்கும்தான்.

ஆனால் செல் இழுக்க வேண்டுமே! அதற்காகத்தான் அந்த நான்கு வாரங்கள். சுரப்பி இல்லாததால் நான் எடுத்துவந்த தைராய்டு ஹார்மோன் மாத்திரையை (தைராக்சின்) நிறுத்தினார்கள். ஹார்மோன் குறையக் குறைய, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டு செல்லைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சைக் கூட்டும். அது கூடினால்தான் அந்தப் புரதமும் பெருகும். ரத்தத்தில் டிஎஸ்எச் அளவு 30ஐத் தாண்ட வேண்டும் என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அறுவை சிகிச்சையைவிட இதுதான் கடினமாக இருந்தது. உடம்பெல்லாம் குளிர், முகம் வீங்கியது, ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்கவே அலுப்பு. கடைசி இரண்டு வாரம் அயோடின் உப்பு, கடல் மீன், பால், முட்டை மஞ்சள்கரு எதுவும் கிடையாது. மாத்திரையை நிறுத்தாமல் டிஎஸ்எச்சையே ஊசியாகப் போடும் வழியும் உண்டு. யாருக்காவது இந்தச் சிகிச்சை சொல்லியிருந்தால் அதைப் பற்றி அவசியம் கேளுங்கள். அண்மையில் அயோடின் கலந்த சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே அயோடின் நிறைந்திருக்கும் உடம்பில் இந்த மருந்து போதிய அளவு செல்லுக்குள் சேராது.

காப்ஸ்யூல் ஈயப் பெட்டியில் வந்தது. விழுங்க ஒரு நொடி. அப்புறம் தனி அறை. பீட்டாவோடு காமா கதிரும் வருகிறது, அது உடம்பைத் தாண்டி வெளியே போகும். அயோடின்-131இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள் என்றாலும், செல்கள் பிடித்துக்கொள்ளாத அயோடின் சிறுநீரில் சீக்கிரமே போய்விடும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னதும் அதற்குத்தான்.

ஒரு வாரம் கழித்து ஸ்கேன். என்னைத் தனிமையில் வைத்த அதே காமா கதிர்தான் படத்தையும் தந்தது. கழுத்தில் அடர்ந்த ஒரு கரும்புள்ளி. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. மருந்து இடம் சேர்ந்திருக்கிறது! வேறு எங்கும் பரவலும் இல்லை. மருத்துவர் படத்தில் வாய்ப்பகுதியையும் காட்டினார். அங்கேயும் லேசான கருமை. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் வயிற்றிலும் அதே புரதம் இருக்கிறதாம்.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கியதும் தெம்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது. நாக்கு வறட்சி மட்டும் இன்னும் இருக்கிறது. எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில் கையோடு வருகிறது.