டச் புரோப் செய்முறைத் தேர்வு: அளவுப் பிழை வேறு, இடப் பிழை வேறு

நேற்று மாலை முடிவு வந்தது, தேர்ச்சி. மனசு இலேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். தேர்வு இதுதான்: சின்ன ரவுட்டர் சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி வெட்டும் இயந்திரம்), அதை ஓட்டும் ஜிஆர்பிஎல் 1.1 மென்பொருள், 2 மி.மீ. ரூபி உருண்டை வைத்த புரோப் (பொருளைத் தொட்டதும் சிக்னல் கொடுக்கும் அளவுக் கருவி), ஓர் அலுமினியத் துண்டு. அகலம், துளை விட்டம், துளை மையம் மூன்றையும் தாளில் எழுத வேண்டும். அப்புறம் வைவா (வாய்மொழித் தேர்வு).

வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். புரோப்பில் வரும் பிழைகளில் ஒரு வகை அளவைக் கெடுக்கும், மையத்தைத் தொடாது. இன்னொரு வகை மையத்தை நகர்த்தும், அளவைத் தொடாது. எண் தப்பாக வந்தால் முதலில் எது தப்பு என்று பாருங்கள், அளவா இடமா? காரணம் அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

அளவைக் கெடுப்பது உருண்டையின் விட்டம். அது 2.000 என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் விடை தப்பும். உருண்டை உலோகத்தில் பட்டவுடன் சிக்னல் வராது. புரோப்பின் உள்ளே மூன்று கால்கள் குண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்டைலஸ் (உருண்டையைத் தாங்கும் தண்டு) கொஞ்சம் வளைந்து, ஸ்பிரிங் விசையை மீறி ஒரு கால் எழும்பினால்தான் சர்க்யூட் திறக்கும். அதற்குள் இயந்திரம் சிறிது தூரம் நகர்ந்திருக்கும். ஆகவே கணக்குக்கு வேண்டியது செயல் விட்டம், அதாவது சிக்னல் வரும் கணத்தை வைத்துப் பார்த்தால் உருண்டைக்கு வரும் விட்டம்.

அதை எடுக்கும் முறை: மைக்ரோமீட்டரில் 25.400 என்று உறுதி செய்த பிளாக்கை இடப்பக்கமும் வலப்பக்கமும் தொடுங்கள். இரண்டு எண்களின் வித்தியாசம் 27.352 என்றால் செயல் விட்டம் 1.952. இனி வெளி அகலம் = வித்தியாசம் − 1.952. துளை விட்டம் = வித்தியாசம் + 1.952. இந்தக் கூட்டல் கழித்தலைத் தாளின் மேல் ஓரத்தில் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் மாறிப்போகும்.

எக்ஸுக்குத் தனியாக, ஒய்க்குத் தனியாக எடுங்கள். இடப்பக்கத்தை + திசையிலும் வலப்பக்கத்தை − திசையிலும் தொடுவதால் அந்த அச்சின் பேக்லாஷும் (திசை மாறும்போது வரும் தளர்வு) இந்த எண்ணுக்குள் வந்துவிடும். வெளி அகலத்தைக் குறைத்துக் காட்டும் பேக்லாஷ், துளையைப் பெரிதாகக் காட்டும். ஸ்டைலஸ் வளைவும் அதே திசையில்தான் வேலை செய்கிறது. அதனால் அதே அச்சில் எடுத்த செயல் விட்டம் இரண்டையும் சேர்த்துச் சரிக்கட்டிவிடும். எக்ஸ் எண்ணை ஒய்க்குப் போட்டால் சரிக்கட்டாது. ஆனால் மையத்தில் பேக்லாஷின் பாதி அப்படியே நிற்கும், அதற்கு இந்த எண் உதவாது.

மையத்தை நகர்த்தும் இன்னொன்று ரன் அவுட். உருண்டை ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) அச்சிலிருந்து 0.05 விலகியிருந்தாலும் அகலம் சரியாகவே வரும், இரு பக்கமும் ஒரே பக்கமாக நகர்வதால். மையம் மட்டும் 0.05 தள்ளிப் போகும். கோலெட்டில் (ஸ்பிண்டிலின் பிடிப்பான்) புரோப்பைப் பிடித்த பிறகு டயல் இண்டிகேட்டரை உருண்டையில் வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி, புரோப்பின் நான்கு திருகுகளையும் மாற்றி மாற்றி இறுக்கி, முழுச் சுற்றில் டயல் 0.01க்குள் ஆடும்படி கொண்டுவாருங்கள். அதற்குப் பின் புரோப்பைத் திருப்பக் கூடாது. மூன்று கால் அமைப்பில் திசைக்குத் திசை வளைவு மாறும், எடுத்த செயல் விட்டமும் வீணாகும். மார்க்கரில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

தொடங்கும் முன்:
– ஸ்பிண்டிலின் மின் இணைப்பைக் கழற்றுங்கள். கட்டளையில் நிறுத்தியது போதாது.
– இந்த வகைப் புரோப் தொடாதபோது மூடிய சர்க்யூட், ஆகவே ஜிஆர்பிஎல் அமைப்பில் $6=1 (புரோப் சிக்னலைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும்). ஒயர் அறுந்தால் தொட்டதாகக் காட்டி நின்றுவிடும், நல்லதுதான்.
– ஸ்டைலஸை விரலால் தள்ளி, நிலை வரியில் 'பி' எழுத்து வருகிறதா பாருங்கள். இதைச் செய்யாமல் ஒரு மி.மீ. கூட நகர்த்த வேண்டாம்.
– அலாரம் 4: தொடங்கும்போதே தொட்ட நிலை. அலாரம் 5: கொடுத்த தூரத்துக்குள் எதுவும் படவில்லை.
– காற்றில் நகரும்போதே தொட்டதாகக் காட்டினால் மோட்டார் கேபிளின் மின் இரைச்சல். ஷீல்டு கேபிள், புரோப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

இனி என் மதிப்பெண் போன இடம். ஜி38.2 (தொடும்வரை நகர்த்தும் கட்டளை) முடிந்ததும் நின்ற இடத்திலேயே ஜி10 எல்20 (நிற்கும் இடத்துக்கு ஆய எண் கொடுக்கும் கட்டளை) கொடுத்துவிடாதீர்கள். தொட்ட கணத்தில் இயந்திரம் நிற்பதில்லை, வேகம் குறைந்துதான் நிற்கும். $120 (எக்ஸ் அச்சின் முடுக்கம்) ஆரம்ப மதிப்பான 10இல் இருந்தால், நிமிடத்துக்கு 150 மி.மீ. வேகத்தில் 0.31 மி.மீ. தாண்டிப் போகும். வேகம் 30 என்றால் 0.0125. தொட்ட இடம் ஜிஆர்பிஎல் அனுப்பும் பிஆர்பி வரியில் இயந்திர ஆயமாகக் கிடைக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். இடது விளிம்பைப் பூஜ்ஜியமாக்க அந்த எண்ணோடு 0.976 (செயல் விட்டத்தின் பாதி) கூட்டி ஜி10 எல்2 பி1இல் (துண்டின் பூஜ்ஜியத்தை இயந்திர ஆயத்தில் குறிக்கும் கட்டளை) கொடுங்கள். அகலத்துக்கு இரண்டு பிஆர்பி எண்களின் வித்தியாசத்திலிருந்து 1.952 கழித்தால் போதும். 150இல் ஒரு முறை தொட்டு, 2 மி.மீ. பின்வாங்கி, 30இல் மறுபடி தொடுங்கள். இரண்டாவது எண் மட்டுமே கணக்கு.

துளைக்கு எக்ஸ், ஒய், மறுபடி எக்ஸ். முதல் எக்ஸ் ஒரு நாண்தான். 20 மி.மீ. துளையில் ஒய் 2 மி.மீ. விலகியிருந்தால் விட்டம் ஏறக்குறைய 0.45 குறைவாக வரும், எக்ஸின் நடுப்புள்ளி மட்டும் சரியாக இருக்கும். அந்த நடுப்புள்ளியில் ஒய் எடுத்து, ஒய் மையத்துக்குப் போய் எக்ஸை மறுபடி எடுத்தால் உண்மையான விட்டம். விளிம்பில் பர் (வெட்டும்போது எழும் பிசிறு) இருக்கும், அதனால் உருண்டையின் நடு மேல்முகத்துக்குக் கீழே 3 மி.மீ. இருக்கட்டும்.

வைவாவில் வரலாறு கேட்டால்: 1972இல் டேவிட் மெக்மர்ட்ரி, கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சின் எரிபொருள் குழாய்களை அளக்கச் செய்த கருவி. அதற்காகத் தொடங்கிய ரெனிஷா நிறுவனம் அடுத்த ஆண்டு.

வெட்டிய இயந்திரத்திலேயே அளப்பது நம்பத்தக்கதா என்றும் கேட்பார்கள். ஓரளவுதான் என்று தயங்காமல் சொல்லுங்கள். ஒரு மி.மீ.க்கான மோட்டார் ஸ்டெப் எண்ணிக்கை 0.1% தப்பாக இருந்தால் 100 மி.மீ. துண்டு 0.1 தப்பாக வெட்டப்படும். அதே இயந்திரம் அதே தப்போடு அளந்து 100.000 என்று காட்டும். ஆகவே ஒரு அளவையாவது மைக்ரோமீட்டரில் எடுத்து, புரோப் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அலுமினியம் 10 டிகிரி சூடாக இருந்தால் 100 மி.மீ.க்கு 0.023 நீளும். வெட்டி முடித்த கையோடு அளக்காமல் துண்டு ஆறும்வரை பொறுங்கள்.