எண்ணி வைத்தவர்

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் வெங்காய வேர்நுனியை நசுக்கிப் பார்த்த எவருக்கும் அந்தப் பாடம் மறந்திருக்காது. நுனியில் 2 மில்லிமீற்றர் மட்டுமே வேண்டும். மேலே போகப் போக நீண்டு வளர்ந்த கலங்கள்தான் கிடைக்கும், பிரியும் கலங்கள் கிடையா. சாயம் ஒரு துளி, இளஞ்சூடு, மூடுதட்டின் மேல் பெருவிரல். தட்டு மயிரிழை அளவு பக்கவாட்டில் வழுக்கினாலும் போதும், நிறமூர்த்தங்கள் (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள்) உருண்டு ஒன்றன்மேல் ஒன்றாகிவிடும். வெங்காயக் கலத்தில் அவை 16. அந்த 16 வரும்வரை எண்ணச் சொல்வார் எங்கள் விலங்கியல் ஆசிரியர்.

அமெரிக்க உயிரியலாளர் லெனார்ட் ஹேஃப்லிக்கின் பெரிய கண்டுபிடிப்பும் இப்படி எண்ணியதில் பிறந்ததுதான். 1961இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் அவரும் போல் மூர்ஹெட்டும் மனித நார்க்கலங்களை (இணைப்பிழையக் கலங்களை) போத்தலில் வளர்த்தார்கள். போத்தலின் அடி நிறைந்ததும் திரிப்சின் என்ற நொதியை விட்டுக் கலங்களைப் பிரித்து, இரண்டு போத்தல்களில் பாதிபாதியாக இடுவார்கள். அவை மீண்டும் நிறைந்தால் ஓர் இரட்டிப்பு. ஏறத்தாழ 50 இரட்டிப்புகளில் கலங்கள் நின்றுவிட்டன. சாகவில்லை, பிரியவில்லை, அவ்வளவுதான்.

அறுவை மருத்துவர் அலெக்சிஸ் கரல் 1912இல் தொடங்கிய கோழி இதயக் கல வளர்ப்பு 34 ஆண்டுகள் ஓடியதால், கலங்களுக்கு முடிவே இல்லை என்றுதான் அதுவரை நம்பினார்கள். அங்கே ஊட்டிய முளையச் சாற்றோடு புதிய கலங்களும் சேர்ந்திருக்கலாம் என்று ஹேஃப்லிக் கருதினார். தம் கலங்கள் நின்றதற்கு, அவை வளரும் ஊட்டக் கரைசலான ஊடகத்தையோ கிருமியையோ குறை சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் ஆணிடமிருந்து எடுத்துப் பலமுறை பிரிந்த கலங்களையும் பெண்ணிடமிருந்து எடுத்துச் சிலமுறையே பிரிந்த கலங்களையும் ஒரே போத்தலில் கலந்து வளர்த்தார். தனியே வைத்த ஆண் கலங்கள் ஓய்ந்த வேளையில் கலவையில் நிறமூர்த்தங்களைப் பார்த்தால், பிரிந்துகொண்டிருந்தவை பெண் கலங்கள் மட்டுமே. ஊடகம் ஒன்று, போத்தல் ஒன்று. வேறுபட்டது வயது மட்டும். இதைவிட நேர்த்தியான கட்டுப்பாட்டுச் சோதனையை நான் கண்டதில்லை.

காரணம் பின்னர் தெரிந்தது. ஒவ்வொரு பிரிவிலும் நிறமூர்த்த முனையிலுள்ள டெலோமியர் என்ற காப்புப் பகுதி சற்றுக் குறுகுகிறது. 1998இல், டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதியைக் கலங்களில் இயங்கச் செய்தபோது அவை அந்த எல்லையைத் தாண்டின.

இப்போது கல வளர்ப்பில் இறங்கும் நம் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போத்தல் மாற்றிய தடவையும் இரட்டிப்பும் ஒன்றல்ல. ஒரு போத்தலை நான்காகப் பிரித்து, நான்கும் நிறைந்தால் அது 2 இரட்டிப்பு, எட்டானால் 3. இதை ஒன்றென்று குறித்தால் கலங்கள் 'எதிர்பாராமல்' நின்றதாகத் தோன்றும். உறைய வைத்தாலும் கணக்கு அழியாது: 20 இரட்டிப்புகளில் திரவ நைதரசனுக்குள் போன கலம், ஆண்டுகள் கழித்து உருக்கினாலும் மீதியுள்ள 30 அளவிலேயே பிரியும். குழாயில் இரட்டிப்பு எண் எழுதப்படாத கலங்கள் முதுமை ஆய்வுக்கு உதவா.