தெரு எல்லோருக்கும்தானே

நங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் தெரு 20 அடி அகலம்தான். நேற்று இரவு வந்து பார்த்தால், நான் வழக்கமாகக் கார் நிறுத்தும் இடத்தில் சிமெண்ட் கொட்டிய பெயிண்ட் டப்பா, அதில் நட்ட கம்பி, மேலே 'நோ பார்க்கிங்' அட்டை.

"வாடகைக்கு இருக்கறவங்க வேற எங்கேயாவது போட்டுக்கோங்க தம்பி" என்றார் எதிர்வீட்டு ஐயா, மாடியில் இருந்தபடியே.

கேட்டை மறித்தால் தப்பு, சரி. இது சுவர் ஓரம்! அவர் கார் ஷெட்டைக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார், அவருடைய இரண்டு கார்களும் தெருவில்தான். அனுமதியில்லாமல் போர்டு, பூந்தொட்டி வைக்கக்கூடாது என்று 2024-லேயே சென்னைப் போக்குவரத்து போலீஸ் எச்சரித்தது.

டயாலிசிஸ் முடிந்து வரும் அம்மாவை வாசற்படியில் தனியாக உட்கார வைத்துவிட்டு இடம் தேடிச் சுற்றுகிறேன். மனசு கேட்கவில்லை.