பலகை இடுக்கில் தங்கிய வரலாறு: சிட்னி ஹைட் பார்க் பாரக்ஸ்

சிட்னி நகரின் மக்வாரி தெருவில் உள்ள ஹைட் பார்க் பாரக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனபோது, உடனே உள்ளே நுழைய மனம் வராமல் முற்றத்தில் நின்று அதன் முகப்பையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிட்டன் நாடுகடத்தி அனுப்பிய கைதிகளைத் தங்கவைக்கக் கட்டிய, மூன்று தளங்கள் கொண்ட செங்கல் கட்டடம். நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே கணக்கில் அமைந்த சன்னல்கள். சுவரோடு ஒட்டி மேலெழும் செங்கல் அரைத்தூண்கள். உச்சியில் முக்கோண முகப்பு, அதில் ஒரு கடிகாரம். இங்கிலாந்தில் 1714 முதல் நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலத்தில் வளர்ந்ததால் ஜார்ஜியன் என்று பெயர்பெற்ற இந்தப் பாணி, அலங்கார வேலைப்பாட்டைவிட அளவுப் பொருத்தத்தையே நம்பி நிற்பது. கைதேர்ந்த கொத்தர்கள் அரிதாயிருந்த ஒரு குடியேற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாணி இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதை வடிவமைத்த பிரான்சிஸ் கிரீன்வே, தாமே ஒரு கைதி. போலி ஆவணம் தயாரித்த குற்றத்துக்காக 1812இல் அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை, 14 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1814இல் சிட்னி வந்து சேர்ந்த அவரை ஆளுநர் லக்லன் மக்வாரி அரசுக் கட்டடக் கலைஞராக அமர்த்தினார். கைதிகளின் உழைப்பிலேயே எழுந்த இந்தக் கட்டடம் 1819இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கிரீன்வேக்கு முழு மன்னிப்பும் கிடைத்தது. போலி ஆவணத்துக்காகத் தண்டிக்கப்பட்ட அவருடைய உருவம் பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பத்து டாலர் நோட்டில் இடம்பெற்றது.

உள்ளே 12 அறைகளில் வரிசையாகக் கட்டிய கித்தான் தூளிகளில் 600 பேர் உறங்குவதற்கு இடம் வகுத்திருந்தார்கள். பல சமயங்களில் அதற்கும் மேலானவர்கள் அடைக்கப்பட்டார்கள். கைதிகள் 1848இல் வெளியேற்றப்பட்ட பிறகு, அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பி வந்த அநாதைப் பெண்கள் முதலான குடியேறிகளுக்கு இது தங்குமிடமாயிற்று. 1862 முதல் 1886 வரை ஆதரவற்ற முதிய பெண்களும் மேல்தளத்தில் வாழ்ந்தார்கள். அதன் பின் நீதிமன்றங்களும் அரசு அலுவலகங்களும் இங்கே இயங்கின.

என்னை அதிகம் பாதித்தது எலிகளின் வேலைதான். தரைப் பலகைகளுக்கு அடியில் கூடு கட்டுவதற்காக அவை இழுத்துப் போட்டிருந்த துணிக் கிழிசல்கள், நூல், காகிதத் துண்டுகள் ஆகியவை காற்றும் ஈரமும் அதிகம் படாத அந்த இடுக்கில் அழியாமல் கிடந்தன; 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் அவை வெளியே வந்தன. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு கைதிச் சட்டையும் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1984இல் அருங்காட்சியகமாகவும் 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகவும் ஆன இந்தக் கட்டடத்தின் முகப்பில் மக்வாரியின் பெயரும் 1817 என்ற ஆண்டும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. சட்டையை அணிந்தவர் யார் என்பதை அறிய வேண்டும் என்ற ஆவல் எனக்கு வெளியே வந்த பிறகும் தீரவில்லை.