சதுப்புநிலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்

2024 டிசம்பர் 8, ஞாயிறு

இன்று கிளப் ஹவுஸில் அசோசியேஷன் கூட்டம். மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் மூன்று பிளாக், 96 வீடு. வந்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். ஃபெஞ்சல் புயல் மழை ஓய்ந்து ஒரு வாரமாகியும் பேஸ்மென்டில் ஈரவாடை போகவில்லை. முதல் ஒரு மணி நேரம் மோட்டார் செலவு, ஜெனரேட்டர் டீசல் என்றே போயிற்று. அப்புறம்தான் வருஷாந்திர டூர் பேச்சு வந்தது.

வழக்கம்போல ஈ.சி.ஆர். ரிசார்ட். தலைக்கு 1,800 ரூபாய், பஃபே சாப்பாடு, நீச்சல்குளம், டி.ஜே. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 7,200 ரூபாய். வாடகைக்கு இருக்கும் பல குடும்பங்கள் அதனாலேயே பெயர் கொடுப்பதில்லை. ஏ பிளாக் பாட்டிக்கு 82 வயது. மூட்டு வலியால் இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் கேட்டைத் தாண்டியதில்லை. அவர் அங்கே போய் என்ன செய்வார்?

நான் எழுந்து பேசினேன். அந்தப் பணத்தை ஒரே நாளில் கொட்ட வேண்டாம், மார்ச் வரைக்கும் மாதம் ஒன்றிரண்டு முறை பக்கத்திலேயே போய்வரலாம் என்றேன். பள்ளிக்கரணை சதுப்புநிலம், வேடந்தாங்கல், இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடும் ஆமை நடை. எல்லாமே இந்த நாலு மாதத்துக்குள் பார்க்க வேண்டியவை.

"சதுப்புநிலத்துல என்ன மேடம் இருக்கு? குப்பைமேடுதானே?" என்றார் ஒருவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதே பேஸ்மென்டில் இடுப்பளவு தண்ணீர். என் ஸ்கூட்டரும் அதில்தான் மூழ்கிப் போனது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போக வழியில்லாமல் நம்மிடம் நின்றது என்று நாம் யாராவது போய்ப் பார்த்தோமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில், "சரி, ஒரு தடவை போய்ப் பார்ப்போம்" என்று முடிவானது.

2024 டிசம்பர் 22, ஞாயிறு (மார்கழி 7)

விடியற்காலை ஐந்தரைக்குப் பிள்ளையார் சன்னதி முன்னால் திருப்பாவை. ஒரு நாளைக்கு ஒரு வீட்டார் முன்னின்று பாடி, வெண்பொங்கல் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று எங்கள் முறை. ஏழாம் பாட்டில் ஆனைச்சாத்தன் என்று ஒரு பறவை வரும். பாடி முடித்ததும் நான்காவது படிக்கும் பெண் ஒருத்தி, "அது எந்தக் குருவி ஆன்ட்டி? நம்ம காம்பவுண்டுல இருக்கா?" என்று கேட்டாள். கரிச்சான் என்று சொல்வார்கள், வால் இரண்டாகப் பிரிந்திருக்கும், கறுப்பாக இருக்கும் என்றேன். பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே மின்கம்பியைப் பார்த்தாள். கரிச்சான் இல்லை, காகம்தான் இருந்தது. ஜனவரி 5 சதுப்புநிலப் பயணத்துக்கு முதலில் எழுதிக்கொண்ட பெயர் அவளுடையதுதான்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

பதினோரு பேர். நான் எதிர்பார்த்ததில் பாதி. ஆனால் பறவை பார்க்க இதுதான் சரியான எண்ணிக்கை. பதினைந்தைத் தாண்டினால் பேச்சுச் சத்தமே எல்லாவற்றையும் விரட்டிவிடும். பாட்டியை ஆட்டோவில் அழைத்துவந்தோம். காலை ஆறரைக்கெல்லாம் வேளச்சேரி–தாம்பரம் சாலையில் இருக்கும் சதுப்புநிலப் பூங்காவில் இருந்தோம்.

காற்று பெருங்குடி குப்பைக்கிடங்கு பக்கத்திலிருந்து வீசும்போது நாற்றம் வரத்தான் செய்தது. அதை மறைத்துப் பேச முடியாது. ஆனால் பனி விலகியதும் தண்ணீரில் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதப்பது தெரிந்தது. சிவந்த நீளக் கால்களோடு பவளக்காலிகள், வெள்ளை அலகோடு நாமக்கோழிகள், தூரத்தில் ரோஜா நிறக் கோடு மாதிரி பூநாரைகள்.

பாட்டி அன்றுதான் முதன்முதலாகப் பைனாகுலரைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று கொஞ்சம் தடுமாறினார். காட்சி தெளிவாகும்படி அதன் சக்கரத்தை நான் திருகிக் கொடுத்தேன். பத்தடி தூரத்தில் ஒரு நீலத்தாழைக்கோழி. கோரைத்தண்டு ஒன்றை அலகால் பிடுங்கி, ஒரு காலின் நீண்ட விரல்களால் கையில் பிடிப்பது போலப் பிடித்து, தோலை உரித்து, உள்ளே இருக்கிற வெள்ளைத் தண்டைக் கடித்துத் தின்றது. பாட்டி பைனாகுலரை இறக்கவே இல்லை. "கரும்பு கடிக்கிறாப்ல கடிக்குதும்மா" என்றார். திருவாரூர்ப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர். அதற்கப்புறம் எங்களுக்கு அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார், எது மீனைத் தேடுகிறது, எது நத்தையைத் தேடுகிறது என்று.

சி பிளாக்கில் இருக்கும் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் செல்போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அடுத்து கீழ்க்கட்டளை, அடுத்து நாராயணபுரம், அங்கிருந்து இந்தச் சதுப்புநிலம். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு கோவளம் பக்கம் கடல். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த நிலம் இது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது எல்லைக்குள் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். அவர் விரலால் அந்த நீர்வழியை இழுத்துக்கொண்டே வந்து எங்கள் தெருவில் நிறுத்தினார். "நாமளே வழியில உட்கார்ந்திருக்கோமே மேடம்" என்றார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். பத்து வருஷக் கடன் போட்டு வீடு வாங்கினவர்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

வாசலில் மூன்று கல் வைத்து, மூன்று பிளாக்குக்கும் சேர்த்து ஒரே பானை. பால் பொங்கினபோது செக்யூரிட்டி அண்ணன் குலவை போட்டார். அவருக்கு அது தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது.

மாலையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடத்துவது. எங்கேயும் போக வேண்டியதில்லை. இருக்கும் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எல்லாம் இனவாரியாக எண்ணி, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான வேலை எதுவும் எனக்குத் தெரியவில்லை. செலவு ஒரு ரூபாய் கிடையாது, குழந்தையும் செய்யலாம், மொட்டைமாடியே போதும்.

ஒன்பது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சேர்ந்து 17 இனம் எண்ணினோம். காகம், மைனா, மாடப்புறா, பச்சைக்கிளி, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, செம்பகம், மீன்கொத்தி, உண்ணிக்கொக்கு... கடைசி இரண்டு நிமிடத்தில் எதிர்மனை மின்கம்பியில் கரிச்சான். அந்தப் பெண் கத்தவில்லை. என் புடவையைப் பிடித்து இழுத்து, விரலை மட்டும் நீட்டினாள்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

வேடந்தாங்கல். இரண்டு வேன், 34 பேர், தலைக்கு 450 ரூபாய். காலை ஐந்துக்கு வர வேண்டிய வண்டிகளில் ஒன்று ஆறரைக்குத்தான் வந்தது. போன் செய்தால், "டிரைவர் கிளம்பிட்டார் மேடம்" என்ற ஒரே பதில். அடுத்த முறைக்கு ஒன்று எழுதி வைக்கிறேன்: முந்தின இரவே டிரைவரின் எண்ணை வாங்கி நேரடியாகப் பேசிவிட வேண்டும்.

ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளத்தில் திரும்பிப் போனோம். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். முதலில் பார்க்கும்போது இவ்வளவுதானா என்றிருக்கும். கரைமேல் நடக்க நடக்கத்தான் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இலையைவிடப் பறவை அதிகமாக இருப்பது தெரியும். நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம். நத்தைக்குத்தியின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அந்த அலகால்தான் நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும்.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றித்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்பட்டேன். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பறவைகளைக் காக்கும் தங்கள் உரிமைக்குக் கவுல், அதாவது எழுத்துமூல உறுதி, வாங்கினார்கள். வனச்சட்டம், சரணாலயம் என்ற பேச்செல்லாம் வருவதற்கு நெடுங்காலம் முன்பு. பறவைகளின் எச்சம் ஏரித்தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்கூடாகப் பார்த்தவர்கள். தீபாவளிக்குக்கூட இங்கே வெடி வெடிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு ஊரே கூடி இப்படி ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறது. 96 வீட்டுக்காரர்கள் நாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் பார்க்கிங் பற்றிப் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறோமே என்று எனக்கு மனசு கனத்தது. வேனிலேயே அதைச் சொல்லவும் சொன்னேன்.

பாட்டிக்கு வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலி கரைப்பாதையில் நன்றாகவே ஓடியது. பறவை பார்க்கும் கோபுரத்தின் படிகளில் மட்டும் ஏற்ற முடியவில்லை. "நீங்க ஏறிப் பாருங்க, நான் இங்கேர்ந்து சத்தத்தைக் கேக்குறேன்" என்றார். மதியம் மரத்தடியில் புளியோதரை, தயிர்சாதம், உருளை வறுவல். எட்டு வீட்டுச் சமையல் ஒரே விரிப்பில். பி பிளாக்கில் புதிதாக வந்திருக்கும் ஒடிசாக் குடும்பம் கொண்டுவந்த பொரி உருண்டை முதலில் தீர்ந்தது.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

காலை ஏழு மணி. இன்னும் தூங்கவில்லை, தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நேற்று இரவு ஆமை நடை. மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நடத்துவது. நீலாங்கரையில் நள்ளிரவுவாக்கில் கிளம்பி, மணலிலேயே ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், பெசன்ட் நகர் வரை. டார்ச் கூடாது, பிளாஷ் கூடாது. எங்களில் எட்டுப் பேர் போனோம். சின்னக் குழந்தைகளையும் பாட்டியையும் அழைத்துப் போக முடியவில்லை.

அரை மணி நேரத்துக்குள்ளேயே முதல் ஆமை. செத்தது. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கியதாகப் பத்திரிகையில் படித்திருந்தோம். படித்தது வேறு, காலடியில் பார்ப்பது வேறு. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் வர முடியாது, மூழ்கிச் சாகும். பொறியாளர் சார் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நடந்தார்.

மூன்று மணிக்கு மேல் முன்னால் போன மாணவர் கையைத் தூக்கினார். ஈர மணலிலிருந்து மேலே ஏறி, திரும்ப இறங்கின தடம். டிராக்டர் டயர் போன மாதிரி. பங்குனி ஆமை. தாய் போய்விட்டது. அந்த மாணவர் குச்சியால் மணலை மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குச்சி சட்டென்று இறங்கியது. கையாலேயே தோண்டினார். முழங்கை முழுக்க உள்ளே போன பிறகு ஒரு முட்டை வெளியே வந்தது. வெள்ளையாக, டேபிள் டென்னிஸ் பந்து அளவுக்கு. ஓடு கெட்டியாக இல்லை, தோல் மாதிரி, தொட்டால் லேசாகக் குழிகிறது. ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தோம். 114. துணிப்பையில் மணலோடு வைத்து பெசன்ட் நகர்ப் பொரிப்பகம் வரை மாறி மாறிச் சுமந்தோம். அங்கே அதே ஆழத்துக்கு, அதே குடுவை வடிவத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். கரையில் விட்டுவைத்தால் நாய் தோண்டிவிடும். மீறிப் பொரித்தாலும் ஊர் வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் சாலைப் பக்கம் போய்விடும்.

மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ச்சியாக இருந்தால் ஆண் என்று மாணவர் சொன்னார். குஞ்சு வெளியே வர ஏறக்குறைய 45 நாள். நான் விரல்விட்டு எண்ணினேன்: மார்ச் மூன்றாம் வாரம். குஞ்சுகளை விடுவது சாயங்காலம். பாட்டியால் வர முடியும்.

2025 மார்ச் 22, சனி

மணலில் சக்கர நாற்காலி நகரவே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் பாட்டியை உட்கார வைத்து, காலேஜ் படிக்கும் நாலு பையன்கள் அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். பெசன்ட் நகரில் இறக்கி வைத்தபோது நாற்காலிக் கால் நாலும் புதைந்து, அவர் கால் மணலில் பட்டது. செருப்பைக் கழற்றச் சொன்னார்.

பொரிப்பகத்தில் ஒவ்வொரு குழியின்மேலும் ஒரு கூடை கவிழ்த்து வைத்திருந்தது. நாங்கள் சுமந்த முட்டைகளா என்று தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. கூடைக்குள் கறுப்புக் கறுப்பாக, உள்ளங்கையில் பாதி இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறித் துடுப்பை அடித்துக்கொண்டிருந்தன. அலைக்குச் சில அடி முன்னாலேயே விட்டார்கள். நடந்துதான் போக வேண்டுமாம். ஒரு மாணவர் தண்ணீரில் இறங்கி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், குஞ்சுகள் கடல் பக்கம் திரும்புவதற்காக.

பாட்டி எண்ண ஆரம்பித்தார், மரக்காலில் நெல் அளக்கும்போது ஒன்றுக்குப் பதில் லாபம் என்று சொல்லி எண்ணுகிற மாதிரி. "லாபம், ரெண்டு, மூணு..." குழந்தைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கூடவே சொன்னார்கள். ஒரு குஞ்சை அலை திருப்பி வீசியது; அது மறுபடி நிமிர்ந்து நடந்தது. அதுவரை பாட்டி எண்ணிக்கையை நிறுத்தி வைத்தார்.

88 என்றார் பாட்டி. மாணவரின் நோட்டில் 91 என்றிருந்தது. இருட்டில் மூன்று தப்பியிருக்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு: செம்பாக்கம் ஏரி. காலை ஆறு மணி. இதுவரை பெயர் கொடுத்தவர்கள் 26 பேர். இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும்.