இரண்டு கோடி, ஒரு விசிறி, வால்ட்ஸின் இரண்டாவது அடி

பொன்டெவெட்ரோ என்றொரு குட்டி நாடு. கஜானா காலி. நாட்டின் மொத்தச் சொத்தும் ஹன்னா கிளாவாரி என்ற இளம் விதவையிடம் இருக்கிறது, 2 கோடி. அவளோ பாரிஸில். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டால் பணம் அவனோடு போய்விடும், நாடு திவால். அவளை எப்படியாவது உள்நாட்டு மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்க வேண்டும் என்பதுதான் பாரிஸ் தூதரகத்தின் தலையாய ராஜாங்க வேலை.

இதுதான் ஃபிரான்ஸ் லேஹார் இசையமைத்த ‘டி லுஸ்டிகே விட்வே’ (குதூகல விதவை) என்ற ஓப்பரெட்டாவின், அதாவது வசனமும் பாட்டும் கலந்த இலகுவான இசைநாடகத்தின் கதை. அது 1905 டிசம்பர் 30 அன்று வியன்னாவின் தியேட்டர் ஆன் டெர் வீனில் முதன்முதலாக மேடையேறியது. ஹென்றி மெயாக்கின் பழைய பிரெஞ்சு நாடகம் ஒன்றை எடுத்து, விக்டர் லியோனும் லியோ ஸ்டைனும் ஜெர்மனில் எழுதினார்கள். பொன்டெவெட்ரோ கற்பனை நாடுதான், ஆனால் மேலே போர்த்திய துணி ரொம்ப மெல்லிசு. மாண்டினீக்ரோவின் அன்றைய பட்டத்து இளவரசர் பெயர் டானிலோ. நாயகன் பெயரும் அதுவே. அரச வம்சம் பெட்ரோவிச் நியேகோஷ். தூதரக எழுத்தர் நியேகுஷ். தூதரின் பெயரான ஸெட்டாகூட அந்த மண்ணின் பழைய பெயர். 1907-இல் லண்டன் டேலீஸ் தியேட்டருக்குப் போனபோது நாடு ‘மார்சோவியா’ ஆகிவிட்டது.

மேடையேற்றுகிறவர்கள் பெரும்பாலும் சரவிளக்குக்கும் பட்டு கவுனுக்கும் செலவழித்துவிட்டு, பணக்கணக்கை வசனத்தோடு சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது, ஏனென்றால் இந்தக் காதலுக்குத் தடையே பணம்தான். ஹன்னா ஏழையாக இருந்தபோது டானிலோ அவளைக் காதலித்தான், குடும்பம் ஒப்பவில்லை. அவள் ஒரு பணக்கார வங்கியாளரை மணந்தாள், அவர் சீக்கிரமே செத்துப்போனார். இப்போது போய் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்றால் பணத்துக்காக என்றாகிவிடும். அதனால் அந்த வார்த்தையை மட்டும் சொல்லவே மாட்டேன் என்கிறான். முதல் அங்கத்தில் இந்த வீம்பு தெளிவாக விழாவிட்டால், அடுத்த இரண்டு அங்கமும் வெறும் பாட்டுக் கச்சேரி.

அந்த அங்கத்தின் முடிவைப் பாருங்கள். பெண்கள் துணையைத் தேர்ந்தெடுக்கும் நடனம். ஹன்னா டானிலோவைக் கைகாட்டுகிறாள். அவன் ஆட மறுத்து, இந்த நடனம் 10,000 பிராங்க் பெறும், தர்மத்துக்கு விற்கிறேன், யார் வாங்குகிறீர்கள் என்கிறான். அதுவரை அவளை மொய்த்த கூட்டம் ஒவ்வொருவராக நழுவுகிறது. ஒரு நடனத்துக்கே 10,000 தராதவர்களா கட்டிக்கொள்ள வந்தவர்கள்? இதை அவசரமாக ஓட்டக்கூடாது. கூட்டம் நழுவுவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நேரம் வேண்டும். டானிலோவைக் குடிகாரக் கோமாளியாக ஆடவிட்டாலும் காட்சி கெட்டுப்போகும். ஏலம் போடும்போது அவனுக்குப் புத்தி தெளிவாகவே இருக்கிறது.

வாய் சொல்லாததை வால்ட்ஸ், அதாவது மூன்றடித் தாளத்து ஜோடி நடனம், சொல்ல வேண்டும். ‘லிப்பன் ஷ்வைகன்’ மெட்டு இரண்டாம் அங்கத்தில் நடனமாகவும் முணுமுணுப்பாகவும்தான் வருகிறது. உதடுகள் மௌனம், வயலின்கள் கிசுகிசுக்கின்றன என்ற சொற்கள் மூன்றாம் அங்கத்தில்தான். இரண்டாம் அங்கத்திலேயே முழுக்குரலில் கொட்டிவிட்டால் மூன்றாவதுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

தாளம் தனி வித்தை. மூன்றடியில் முதலடியை பாஸ் (கீழ்ச்சுருதி) வாத்தியங்கள் பிடிக்கும். இரண்டும் மூன்றும் மேலே விழும். வியன்னாக்காரர்கள் அந்த இரண்டாவது அடியை ஒரு இழை முன்னாலேயே போடுவார்கள், மூன்றாவது தன்னிடத்தில் நிற்கும். அந்த இழைக்கு நிலையான அளவு கிடையாது. நடனமேடையின் வியன்னா வால்ட்ஸ் நிமிடத்துக்குச் சுமார் 180 அடி ஓடும். லிப்பன் ஷ்வைகன் அதைவிட எவ்வளவோ மெதுவானது, ஆகவே அதில் லேசாகத் தொட்டால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவில் முன்தள்ளினால் பாட்டு நொண்டும். பின்னணியோடு மெட்டும் சேர்ந்து முன்னால் ஓடுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை. பாடுகிறவர் நேராகவே போக வேண்டும், சாய்வது பின்னணி மட்டும்தான்.

குரல் தேர்வில் டானிலோவுக்கு டெனரும் (உயர்ந்த ஆண்குரல்) சரி, பாரிடோனும் (நடுத்தர ஆண்குரல்) சரி. முதலில் ஆடிய லூயி டிரொய்மான் குரலைவிட நடிப்பால் பேர் வாங்கியவர். உண்மையான டெனர் தேவைப்படுவது தூதரின் மனைவியைக் காதலிக்கும் கமில் பாத்திரத்துக்கு. தோட்ட மண்டபத்துக்கு முன்னால் அவன் பாடும் ரோஜாமொட்டுக் காதல்பாட்டு இழுபட்டால் இரண்டாம் அங்கமே தொய்ந்துவிடும். ஹன்னாவின் வில்யா பாட்டு வேடனும் வனமோகினியும் பற்றிய ஊர்க்கதை. அவள் அதைத் தன் விருந்தாளிகளுக்குச் சொல்கிறாள். ஓப்பரா நாயகி மாதிரி மார்பிலடித்துப் பாடினால் கதை காணாமல் போய்விடும். கோரஸ் பல்லவியைத் திருப்பும்போது அவளைவிட மெல்லிசாக ஒலிக்க வேண்டும்.

இனி விசிறி. தூதரின் மனைவி வாலென்சியெனின் விசிறியில் கமில் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று எழுதிவிடுகிறான். அது தொலைந்து, தூதரக அதிகாரி க்ரோமோவ் கைக்குப் போய், அங்கிருந்து தூதர் ஸெட்டாவிடம், பிறகு டானிலோவிடம். டானிலோ தனக்காக எழுதியது என்று ஹன்னா நினைத்துக்கொள்கிறாள். கடைசியில் அது வாலென்சியெனிடமே திரும்புகிறது. ‘நான் மானமுள்ள மனைவி’ என்று அவள் அதில் எழுதி, நினைவுப்பொருளாகக் கமிலிடம் கொடுக்கிறாள். வசனம் வெட்டும்போது இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மூன்றாம் அங்கத்தில் நியேகுஷ் விசிறியை நீட்டும்போது அரங்கம் முழிக்கும். ஒரே மாதிரி இரண்டு விசிறி தயாராக இருக்கட்டும், ஒத்திகையிலேயே ஒன்று உடைந்துவிடும்.

தோட்ட மண்டபத்துக்குப் பின்கதவு கட்டாயம். சாவித்துவாரத்தில் ஸெட்டா பார்ப்பது கமிலோடு இருக்கும் தன் மனைவியை. கதவு திறந்தால் வெளியே வருவது ஹன்னா. அந்த இடமாற்றம் பார்வையாளர் கண்ணில் பட வேண்டும், ஸெட்டா கண்ணில் படக்கூடாது. மண்டபத்தை மேடையின் ஓரத்துக்குத் தள்ளினால் பக்கவாட்டு இருக்கைகளுக்குப் பின்கதவு மறைந்துவிடும். நடுவுக்குச் சற்று விலக்கி, கோணமாகத் திருப்பி வைப்பது உத்தமம்.

முடிவில் மனைவியின் விசிறியைக் கண்டு கொதித்த ஸெட்டா, விவாகரத்து என்று அறிவித்து ஹன்னாவையே பெண் கேட்கிறார். மறுமணம் செய்தால் சொத்தை இழப்பேன், உயில் அப்படி, என்கிறாள் அவள். அவர் பின்வாங்குகிறார். டானிலோவின் வாய்ப்பூட்டு இப்போதுதான் கழலுகிறது, அந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறான். அதன் பிறகே அவள் மிச்சத்தைச் சொல்கிறாள்: இழப்பது உண்மை, ஏனென்றால் பணம் புதுக் கணவனுக்குப் போகிறது. இந்த இரண்டு வரிக்கும் நடுவில் இசைக்குழு நுழையக்கூடாது. ஸெட்டா விசிறியின் மறுபக்கத்தைத் திருப்பிப் படிக்க இன்னும் நேரம் இருக்கிறது.